பொருந்தாத இரண்டரைச் சதவீதம்

மோதலுக்கு முன் உந்தம் 0.600. மோதலுக்குப் பின் 0.585. உயர்தரப் பௌதிகவியல் செய்முறைக் கொப்பியில் இப்படி இரண்டு எண்கள் அடுத்தடுத்த வரிகளில் வந்து நின்றால், மாணவரின் கை தானாக அழிறப்பரைத் தேடும். விதியோ சமன் என்கிறது. நாடாவில் அளந்ததோ சமனில்லை என்கிறது. நியூற்றன் பிழைவிட்டிருக்க மாட்டார், ஆகவே பிழை நம்முடையது என்று தீர்மானித்து, 0.585ஐ 0.598 ஆக்கி, "எனவே உந்தம் காக்கப்படுகிறது" என்று எழுதிக் கொப்பியை மூடிவிடுவது எல்லா நாட்டு ஆய்வுகூடங்களிலும் நடப்பதுதான்.

அப்படி அழிபடும் எண்ணில்தான் பரிசோதனையின் சாரம் இருக்கிறது. அந்த இரண்டரைச் சதவீதம் எங்கே போனதென்று கணக்குக் காட்டத் தெரிந்தவருக்கு உந்தக் காப்பு விதி விளங்கியிருக்கிறது. இரு பக்கமும் 0.600 என்று எழுதியவருக்கு விளங்கியிருக்கிறதா என்று சொல்ல யாராலும் முடியாது.

பலகையும் துரொல்லியும்

பரிசோதனை எளியது. ஒன்றரை மீற்றர் நீளமான வழவழப்பான பலகை ஒன்று. அதன்மேல் உருளும் ஒரே மாதிரியான இரண்டு துரொல்லிகள், ஒவ்வொன்றும் 0.75 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். முதலாவதின் முகப்பில் ஓர் ஊசி, இரண்டாவதின் பின்புறத்தில் ஒரு தக்கை. ஓய்விலிருக்கும் இரண்டாவதை முதலாவது வந்து மோதும்போது ஊசி தக்கையில் ஏறி, இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே வேகத்தில் நகரும். முதலாவது துரொல்லியின் வாலில் ஒரு காகித நாடா கட்டியிருக்கும். அது ரிக்கர் ரைமர் என்னும் கருவியூடாக இழுபட்டுப் போகும். கருவியிலுள்ள உருக்குத் தகடு ஆடலோட்ட மின்னின் தாளத்துக்குத் துடித்து நாடாவில் புள்ளி குத்திக்கொண்டே இருக்கும். இலங்கையின் மின்வலையமைப்பின் மீடிறன் 50 ஹேர்ட்ஸ். ஆகவே செக்கனுக்கு 50 புள்ளிகள்; இரு புள்ளிகளுக்கு இடையில் 0.02 செக்கன்.

மோதல் முடிந்ததும் நாடாவை மேசையில் விரித்தால் முழுக் கதையும் அதில் எழுதியிருக்கும். முதலில் புள்ளிகள் அகல அகல நிற்கும். ஓரிடத்தில் சட்டென்று நெருங்கிவிடும். நெருங்கத் தொடங்கும் இடம்தான் மோதல். அகன்ற பகுதியில் பத்து இடைவெளிகள் சேர்ந்து 16.0 சென்ரிமீற்றர் என்றால், 0.2 செக்கனில் அவ்வளவு தூரம். வேகம் செக்கனுக்கு 0.80 மீற்றர். நெருங்கிய பகுதியில் பத்து இடைவெளிகள் 7.8 சென்ரிமீற்றர் என்றால் வேகம் 0.39 மீற்றர். திணிவை வேகத்தால் பெருக்க வருவது உந்தம். முன்னர் 0.75 × 0.80 = 0.600. பின்னர் 1.50 × 0.39 = 0.585. வித்தியாசம் இரண்டரைச் சதவீதம்.

பலகையை மட்டமாக வைப்பதில்லை. உராய்வு துரொல்லியைத் தானாகவே மந்தப்படுத்தும் என்பதால், ஒரு முனைக்கு அடியில் மரத்துண்டோ மடித்த அட்டையோ வைத்துச் சற்று உயர்த்துவார்கள். மெல்லத் தள்ளிவிட்ட துரொல்லி நாடாவில் சம இடைவெளிப் புள்ளிகளை விட்டுச் சென்றால் சாய்வு சரி. ஈர்ப்பு இழுக்கும் இழுவை உராய்வை ஈடுசெய்துவிட்டது. இதை நாடாவைக் கட்டியபடியே செய்ய வேண்டும். நாடா கருவிக்குள் உரசுவதும் உராய்வுதான்.

தெரியத் தேவையில்லாதவை

மின்வலையமைப்பின் மீடிறன் எந்நேரமும் துல்லியமாக 50 அல்ல. நாட்டின் மின் பாவனை ஏறி இறங்க அதுவும் சற்று அசையும். அன்று அது 49.8 ஆக இருந்தால் பரிசோதனை கெட்டுவிடுமா? கெடாது. முன்வேகத்தையும் பின்வேகத்தையும் ஒரே கருவிதான் அளந்தது. கடிகாரம் பிழையென்றால் இரண்டு வேகங்களும் ஒரே விகிதத்தில் பிழைக்கும். அவற்றின் விகிதம் அப்படியே இருக்கும். திணிவும் அவ்வாறே. இரு துரொல்லிகளும் சமனென்று ஒருமுறை தராசில் உறுதிசெய்துவிட்டால் போதும். அது 0.75 கிலோகிராமா 0.80 கிலோகிராமா என்பது விடையை மாற்றாது. ஒன்றுக்கு இரண்டு என்பதே தேவை.

ஆகவே பரிசோதனை முழுவதும் ஒரே கேள்வியாகச் சுருங்குகிறது. நாடாவின் நெருங்கிய பகுதி, அகன்ற பகுதியின் சரி அரைவாசியா? 16.0 சென்ரிமீற்றரின் அரைவாசி 8.0. கிடைத்ததோ 7.8. மாணவரை மிரட்டிய அந்த இரண்டரைச் சதவீதம் அளவுகோலில் வெறும் இரண்டு மில்லிமீற்றர்.

கடிகாரமே இல்லாமலும் இந்த விதியைச் சோதிக்கலாம். இரண்டு துரொல்லிகளுக்கு நடுவே அமுக்கிய வில்லொன்றை வைத்து விடுவித்தால் இரண்டும் எதிரெதிர்த் திசைகளில் பாயும். ஒன்றின் திணிவு மற்றதைப் போல் இருமடங்கென்றால், இலேசானது இருமடங்கு வேகத்தில் போக வேண்டும். பலகையின் இரு முனைகளிலும் தடுப்புக் கட்டைகளை வைத்து, இலேசான துரொல்லிக்கு இருமடங்கு தூரம் கொடுங்கள். விதி சரியென்றால் இரண்டு மோதலும் ஒரே "டக்" என்று கேட்கும். தூரத்தை மாற்றிவிட்டால் "டக்-டக்" என்று பிரிந்து கேட்கும். செக்கனில் இருபதில் ஒரு பங்கு இடைவெளியைக்கூட நம் காது இரண்டு சத்தமாகப் பிரித்துவிடும்.

பாதி சக்தி எங்கே?

அதே நாடாவிலிருந்து இயக்கசக்தியையும் கணிக்கலாம். மோதலுக்கு முன் 0.240 யூல். பின் 0.114 யூல். பாதிக்கு மேல் காணாமற் போயிருக்கிறது. உந்தத்தில் இரண்டரைச் சதவீதம் குறைந்ததற்காக அழிறப்பரைத் தேடிய மாணவர், சக்தியில் ஐம்பது சதவீதத்துக்கு மேல் குறைந்ததைக் கண்டு அசைவதில்லை. "இது மீள்தன்மையற்ற மோதல், சக்தி குறையத்தான் செய்யும்" என்று பாடப்புத்தகம் சொல்லிவிட்டது. ஒரு குறைவு இயற்கையின் இயல்பாகவும், மற்றது நம் பரிசோதனையின் குறையாகவும் கருதப்படுவது எதனால்?

சக்திக்கு உருமாறும் வசதி உண்டு. ஊசி தக்கையைக் கிழித்து ஏறும்போது இயக்கசக்தி தக்கையின் உருக்குலைவாகவும் வெப்பமாகவும் சத்தமாகவும் மாறி, துரொல்லியின் வேகத்தை மட்டும் அளக்கும் நாடாவின் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. உந்தத்துக்கு அந்த வசதி இல்லை. அது வெப்பமாக மாறாது, சத்தமாக மாறாது. ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளுக்குக் கைமாற மட்டுமே அதற்கு முடியும். முதலாவது துரொல்லி இரண்டாவதைத் தள்ளிய விசையும், இரண்டாவது முதலாவதை எதிர்த்துத் தள்ளிய விசையும் சமனும் எதிருமானவை. இரண்டும் ஒரே நேர அளவுக்கே செயற்பட்டன. ஆகவே ஒன்று இழந்த உந்தம் மற்றது பெற்ற உந்தம். இரண்டுக்கும் நடுவே கசிந்துபோக ஓட்டை எதுவும் கிடையாது.

இவ்வளவு தெளிவாகச் சொல்ல ஐரோப்பாவுக்கே ஒரு தலைமுறைக் காலம் எடுத்தது. 1644இல் வெளிவந்த தன் நூலில் தேக்கார்ட், உலகிலுள்ள இயக்கத்தின் மொத்த அளவு மாறாதென்று எழுதினார். ஆனால் அவர் பெருக்கியது பொருளின் பருமனையும் கதியையும். திசையை அவர் கணக்கில் எடுக்கவில்லை. அதன் விளைவாக, ஓய்விலிருக்கும் பெரிய பொருளை அதனிலும் சிறிய பொருள் எவ்வளவு வேகமாக மோதினாலும் அசைக்க முடியாது என்று ஒரு மோதல் விதியையும் வகுத்தார். கரம் பலகையில் ஸ்ரைக்கர்மேல் ஒரு காயைச் சுண்டிவிட்டுப் பார்க்கும் எந்தப் பிள்ளையும் அதை மறுத்துவிடும்.

1668இல் இலண்டன் றோயல் சொசைற்றி மோதல் விதிகளை ஒழுங்குபடுத்தித் தரும்படி அறிஞர்களைக் கேட்டது. அந்த ஆண்டு நவம்பரில் ஜோன் வாலிஸ், டிசம்பரில் கிறிஸ்டோபர் ரென், அடுத்த ஜனவரியில் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் என்று மூவர் தத்தம் விடைகளை அனுப்பினர். வாலிஸ் மோதியபின் ஒட்டிக்கொள்ளும் பொருள்களை எடுத்துக்கொண்டார். மற்ற இருவரும் துள்ளித் தெறிக்கும் பொருள்களை. திசைக்குக் குறியிட்டால், வலப்பக்கம் நேர், இடப்பக்கம் மறை என்று கொண்டால், கணக்குப் பொருந்துமென்பது அப்போது துலங்கியது. உந்தம் ஒரு காவிக் கணியம் என்று இன்று நாம் ஒரு வரியில் மனனம் செய்வது அந்தச் சில மாதங்களின் விளைச்சல்.

நியூற்றனின் மூன்று அங்குலம்

1687இல் வெளிவந்த தன் "பிரின்சிப்பியா" நூலில் நியூற்றன் இம்மூவரையும் பெயர் சொல்லி நினைவுகூர்ந்துவிட்டு, தான் செய்த பரிசோதனையையும் விவரிக்கிறார். அவரிடம் ரிக்கர் ரைமரும் இல்லை, செக்கனைப் பங்கிடும் கடிகாரமும் இல்லை. பத்து அடி நீள நூல்களில் இரண்டு குண்டுகளைத் தொங்கவிட்டார். ஊசல் அடியிலுள்ள புள்ளியைக் கடக்கும் வேகம், அது விடப்பட்ட வில்லின் நாணுக்கு நேர்விகிதசமன். ஆகவே எங்கிருந்து விட்டோம், மோதிய பின் எதுவரை ஏறியது என்ற இரண்டு நீளங்களை அளந்தால் வேகங்களின் விகிதம் கிடைத்துவிடும். நம் மாணவரின் நாடாவைப் போல அங்கும் தேவைப்பட்டது நீளங்களின் விகிதமே.

காற்றின் தடையை அவர் கையாண்ட விதம் இன்னும் அழகு. குண்டைத் தனியே விட்டு, அது போய்த் திரும்பி வந்தபோது விட்ட இடத்துக்கு எவ்வளவு குறைவாக வந்தது என்று அளந்தார். ஒரு முழு அலைவில் கீழிறங்குவதும் மேலேறுவதுமாக நான்கு கால்கள் உண்டு. ஆகவே குறைவின் நாலில் ஒரு பங்கே ஓர் இறக்கத்துக்குரிய இழப்பென்று கொண்டு எல்லா அளவீடுகளையும் திருத்தினார். பலகையின் முனைக்கு அட்டை வைத்து உராய்வை ஈடுசெய்யும் வேலைக்கு இது பாட்டன் முறை.

அவர் தந்த முடிவு என்ன? 8, 12, 16 அடி இடைவெளிகளிலிருந்து குண்டுகளை விட்டு மோதவைத்தபோது, ஒன்று இழந்த இயக்கமும் மற்றது பெற்ற இயக்கமும் சமனாக இருந்தன. வழு ஒருபோதும் மூன்று அங்குலத்தை எட்டவில்லை என்று எழுதினார். 8 அடியில் மூன்று அங்குலம் என்பது மூன்று சதவீதம். 16 அடியில் ஒன்றரைச் சதவீதத்துக்குச் சற்று மேல். பௌதிகவியலின் அடித்தளமான நூலில் நியூற்றன் தமக்கு இட்டுக்கொண்ட எல்லையும், உயர்தர மாணவர் அழிக்கப் பார்க்கும் வித்தியாசமும் ஏறத்தாழ ஒரே அளவு. நியூற்றன் பூச்சியம் என்று எழுதவில்லை. எவ்வளவுக்கு உட்பட்டுச் சமன் என்று எழுதினார்.

வேறு வேறு பொருள்களாலான குண்டுகளையும் அவர் மோதவிட்டார். இறுக்கிக் கட்டிய கம்பளிக் குண்டுகள் நெருங்கிய வேகத்தில் ஒன்பதில் ஐந்து பங்கோடு பிரிந்தன. கண்ணாடிக் குண்டுகள் பதினாறில் பதினைந்து பங்கோடு. இன்று மீளமைவுக் குணகம் என்று நாம் படிப்பது இதுவே. சக்தி எவ்வளவு தொலைகிறதென்பது பொருளுக்குப் பொருள் மாறிற்று. உந்தக் கணக்கோ எல்லாவற்றிலும் பொருந்தியது.

இரண்டு மில்லிமீற்றரின் கணக்கு

இப்போது 7.8க்கு வருவோம். குறைந்த இரண்டு மில்லிமீற்றரை யார் எடுத்தார்கள்?

முதலில் அளவுகோல். புள்ளி ஒன்றின் நடுவை அரை மில்லிமீற்றருக்கு மேல் நிச்சயமாகச் சொல்ல முடியாது. இரு முனைக்கும் சேர்த்து ஒரு மில்லிமீற்றர் என்று கொள்ளலாம். 160 மில்லிமீற்றரில் அது 0.6 சதவீதம், 78 மில்லிமீற்றரில் 1.3 சதவீதம். இரண்டும் மோசமான பக்கத்தில் சேர்ந்தால் ஏறத்தாழ இரண்டு சதவீதம்.

அடுத்தது சாய்வு. பலகை இருக்க வேண்டியதிலும் ஒரு பாகையின் பத்தில் ஒரு பங்கு குறைவாகச் சாய்ந்திருக்கிறது என்று வைப்போம். ஒன்றரை மீற்றர்ப் பலகையில் அது முனையை 2.6 மில்லிமீற்றர் உயர்த்த மறந்ததற்குச் சமன், கண்ணுக்குத் தெரியாது. கொழும்பில் புவியீர்ப்பு ஆர்முடுகல் 9.78. அந்தச் சிறு பிசகு செக்கனுக்குச் செக்கன் 0.017 மீற்றர் அமர்முடுகலைத் தரும். முன்வேகத்தை அளந்த துண்டின் நடுவிலிருந்து பின்வேகத்தை அளந்த துண்டின் நடுவுக்கு 0.3 செக்கன் கழிந்திருந்தால் வேகம் 0.005 மீற்றர் குறைந்திருக்கும். 0.39இல் அது ஒரு சதவீதத்துக்கு மேல். அளவுகோலும் சாய்வும் சேர்ந்தாலே இரண்டரைச் சதவீதத்துக்கு இடமிருக்கிறது.

இவற்றில் எது குற்றவாளி என்பதைப் பரிசோதனையைத் திரும்பச் செய்து கண்டுபிடிக்கலாம். விடை சிலவேளை கூடியும் சிலவேளை குறைந்தும் வந்தால் அது எழுமாற்று வழு. அளவுகோலும் கையும் செய்யும் வேலை. எப்போதும் ஒரே பக்கமாகக் குறைந்து வந்தால் அது முறையான வழு. உராய்வைச் சந்தேகிக்க வேண்டும். அப்போது துரொல்லியை இருமடங்கு வேகமாகத் தள்ளிப் பாருங்கள். அதே 0.3 செக்கனில் உராய்வு பறிக்கும் வேகம் மாறாது. மொத்தத்தில் அதன் பங்கு அரைவாசியாகும். விடையும் அவ்வாறே நெருங்கி வந்தால் சந்தேகம் உறுதி.

மோதலுக்குப் பின் உந்தம் கூடிவிட்டதாகவும் சில நாடாக்கள் சொல்லும். அதற்கும் காரணம் உண்டு. தனித் துரொல்லிக்குச் சாய்வைச் சரிசெய்தபோது நாடாவின் உராய்வும் ஈடுசெய்யப்பட்டது. இரண்டு துரொல்லிகள் ஒட்டிய பின் ஈர்ப்பின் இழுவை இருமடங்காகிறது. சில்லுகளின் உராய்வும் இருமடங்காகிறது. நாடாவோ அதே ஒரு நாடாதான். ஈடு மிஞ்சிவிடுவதால் சோடி மெல்ல வேகமெடுக்கும். ஆகவே மோதல் நடந்த இடத்துக்கு இயன்றவரை நெருங்கிய புள்ளிகளை எடுப்பது நல்லது.

கரடுமுரடான மேசையில் இந்த விதியைச் சோதிக்க முடிவதே மோதல் குறுகியது என்பதால்தான். மோதல் 0.02 செக்கன் நீடித்தால், இரண்டாவது துரொல்லிக்கு 0.29 அலகு உந்தம் கொடுக்கச் சராசரியாக 15 நியூற்றன் விசை வேண்டும். சாய்வுப் பிசகால் எஞ்சிய விசையோ 0.026 நியூற்றன். மோதும் அந்தக் கணத்தில் வெளிவிசை பறிக்கும் உந்தம் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதற்கு முன்னும் பின்னும் நாம் அளக்க எடுத்துக்கொண்ட நேரத்தில்தான் மீதிச் சேதம் நடக்கிறது.

அப்படிப் பறிபோன உந்தமும் அழியவில்லை. சில்லிலிருந்து பலகைக்கும், மேசைக்கும், கட்டடத்துக்கும், கடைசியில் பூமிக்கும் போய்ச் சேர்ந்தது. பூமியின் திணிவு கிலோகிராமில் 6ஐத் தொடர்ந்து 24 பூச்சியங்கள். அதன் வேகத்தில் வந்த மாற்றத்தை எந்தக் கருவியாலும் காண முடியாது. துரொல்லியைத் தள்ளிவிட்டபோது மாணவரின் பாதம் பூமியை எதிர்த்திசையில் அதே அளவுக்குத் தள்ளியிருந்தது. துரொல்லி ஓய்ந்து நிற்கும்போது அந்தக் கணக்குத் தீர்கிறது. பொருந்தாத சதவீதம் என்பது, "தொகுதி" என்று நாம் கோடு கிழித்த எல்லையைத் தாண்டிப் போன உந்தம்; அதனோடு நம் அளவுகோலின் தடுமாற்றமும் சேர்ந்தது.

கரம் பலகையில்

துரொல்லியும் ரைமரும் இல்லாத வீடுகளில் கரம் பலகை இருக்கும். உராய்வைக் குறைக்கப் போரிக் பவுடரும் கூடவே இருக்கும். சர்வதேச விதிப்படி ஸ்ரைக்கர் 15 கிராமுக்கு மேற்படக் கூடாது. காய் ஒன்று 5 முதல் 5.5 கிராம். ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று. ஸ்ரைக்கர் ஒரு காயை நேர்நடுவில் அடித்தால், முழு மீள்தன்மை மோதலில் ஸ்ரைக்கர் பாதி வேகத்தோடு தொடர்ந்து செல்லும். காய் ஒன்றரை மடங்கு வேகத்தில் பறக்கும். நேரடி அடியில் காயைத் தொடர்ந்து ஸ்ரைக்கரும் பொக்கற்றுக்குள் விழுந்து "டியூ" ஆவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னும் சுவையானது ஒரு காயால் இன்னொரு காயைச் சரிவாக அடிப்பது. திணிவு சமன். உந்தக் காப்பு, மூன்று வேகக் காவிகளும் ஒரு முக்கோணியாக மூட வேண்டும் என்கிறது. சக்தி முழுதாகக் காக்கப்பட்டால், ஒரு பக்கத்தின் வர்க்கம் மற்ற இரு பக்கங்களின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை என்றாகிறது. அது பைதகரசின் தேற்றம். ஆகவே மோதிய பின் இரு காய்களும் ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் பிரிய வேண்டும். கைபேசியைப் பலகைக்கு நேர் மேலே பிடித்து, செக்கனுக்கு 240 படங்கள் எடுக்கும் மெதுவியக்க வீடியோவில் பதிந்து, படங்களை நிறுத்தி நிறுத்திப் பாதைகளை வரைந்தால் கோணத்தை அளந்துவிடலாம். நேரமோ அளவுத்திட்டமோ இதற்கும் வேண்டாம். 90 பாகைக்குச் சற்றுக் குறைவாகவே வரும். கொஞ்சம் சக்தி சத்தமாகவும் வெப்பமாகவும் தொலைவதால், மோதிய காயில் சிறிது முன்னோக்கிய வேகம் எஞ்சிவிடுகிறது. எவ்வளவு குறைகிறதென்பதிலிருந்து காய்களின் மீளமைவுக் குணகத்தையே கணித்துவிடலாம்.

எட்டுக் கிலோமீற்றர் தள்ளி

கொட்டாஞ்சேனையில் ஒரு மாணவியும் வெள்ளவத்தையில் ஒரு மாணவனும் ஒரே பரிசோதனையைச் செய்கிறார்கள் என்று கொள்வோம். இரண்டு இடங்களுக்கும் இடையே நேர்கோட்டில் ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றர். பலகை வேறு, துரொல்லி வேறு. மோதலின் விதி மட்டும் ஒன்றேயாக இருக்கும் என்று இருவரும் கேள்வியின்றி நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையே உந்தக் காப்பின் வேர் என்று காட்டியவர் ஜெர்மன் கணிதவியலாளர் எம்மி நோதர். 1918இல் அவர் வெளியிட்ட தேற்றம் சொல்வது இது: இயற்கையின் விதிகள் இடத்துக்கு இடம் மாறாதவை என்றால், அந்த மாறாமையிலிருந்தே காக்கப்படும் ஒரு கணியம் பிறக்க வேண்டும். அந்தக் கணியம்தான் உந்தம். நேரத்துக்கு நேரம் விதி மாறாதது என்பதிலிருந்து சக்திக் காப்பு பிறக்கிறது. கொட்டாஞ்சேனை நாடாவையும் வெள்ளவத்தை நாடாவையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது, வெளி எங்கும் ஒரே சீரானதா என்று கேட்பதற்குச் சமன்.

கண்ணுக்குத் தெரியாத துரொல்லி

உந்தக் காப்பை நம்பியவர்கள் அதைத் திருப்பியும் பாவித்திருக்கிறார்கள். மோதியது என்னவென்று தெரியாதபோது, மோதப்பட்டவற்றின் வேகத்திலிருந்து அதன் திணிவைக் கணிப்பது. 1932இல் கேம்பிரிட்ஜில் ஜேம்ஸ் சாட்விக் செய்தது அதுதான்.

பெரிலியத்தில் அல்பாத் துணிக்கைகள் பட்டபோது ஏற்றமற்ற ஒரு கதிர் வெளிவந்தது. அது பரபின் மெழுகில் பட்டால் புரோத்தன்கள் சிதறின. அது காமாக் கதிர் என்று பாரிசில் இரேன், பிரெடெரிக் ஜோலியோ-கியூரி தம்பதியினர் கருதினர். சாட்விக் கணக்குப் பார்த்தார். புரோத்தனை அவ்வளவு வேகத்தில் தள்ளக் காமாக் கதிருக்கு ஏறத்தாழ 55 மில்லியன் இலத்திரன்வோற்றுச் சக்தி வேண்டும். அதே கதிர் நைதரசன் கருவைத் தள்ளிய வேகத்துக்கோ 90 மில்லியன் வேண்டும். ஒரே கதிருக்கு இரண்டு சக்திகள் இருக்க முடியாது. சக்தி, உந்தக் காப்பு விதிகளைக் கைவிட வேண்டும். இல்லையேல் வருவது திணிவுள்ள ஒரு துணிக்கை என்று கொள்ள வேண்டும்.

சாட்விக் இரண்டாவதைத் தேர்ந்தார். புரோத்தன் பெற்ற உச்ச வேகம் செக்கனுக்கு 3.3 கோடி மீற்றர். நைதரசன் கரு பெற்றது 47 இலட்சம் மீற்றர். நேர்நடு மோதலின் சமன்பாட்டை இரண்டுக்கும் எழுதி, ஒன்றை மற்றதால் வகுத்தால் வந்த துணிக்கையின் வேகம் கழிந்துபோய்விடும். அதன் திணிவு மட்டும் எஞ்சும். இந்த வழியில் அவருக்குக் கிடைத்த விடை, புரோத்தனின் திணிவை ஒன்றென்று கொண்டால், 1.15. வழு பத்துச் சதவீதமளவில் இருக்கலாமென்று அவரே கூறினார். பத்துச் சதவீதம் தள்ளாடினாலும் 1.15 பூச்சியமாகிவிடாது என்பதே அங்கு வேண்டியிருந்தது. நியூத்திரன் என்று ஒன்று இருப்பது தெரிந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து நோபல் பரிசும் வந்தது. இன்று நாம் அறிந்த திணிவு புரோத்தனை விட ஆயிரத்தில் ஏறத்தாழ ஒன்றரைப் பங்கு மட்டுமே கூட.

சாட்விக் தன் 1.15ஐ 1.00 என்று திருத்தி எழுதியிருந்தால் விடை உண்மைக்கு இன்னும் நெருங்கியிருக்கும். ஆனால் அதை நம்புவதற்கு யாருக்கும் காரணம் இருந்திராது. எவ்வளவு நம்பலாமென்று சேர்த்துச் சொன்னதால்தான் அந்த எண்ணுக்குப் பெறுமதி வந்தது.

இன்றைய உயர்தரப் பரீட்சையில் பௌதிகவியலுக்குத் தனியான செய்முறைப் பரீட்சை கிடையாது. ஆய்வுகூட வேலை இரண்டாம் வினாத்தாளின் அமைப்புக் கட்டுரைப் பகுதியில் எழுத்து வடிவில் கேட்கப்படுகிறது. துரொல்லியைத் தொடாமலேயே, ரியூசன் வகுப்பில் தந்த குறிப்பை மனனம் செய்து, முற்காப்புகளை வரிசையாக எழுதிப் புள்ளி பெற முடியும். அப்படிப் பெற்றவருக்குத் தெரியாமற்போவது இந்த விதியல்ல. ஓர் எண்ணை எதுவரை நம்பலாம் என்ற நிதானம். பல்கலைக்கழக ஆய்வுகூடத்திலும், மருத்துவமனையின் பரிசோதனை அறிக்கையிலும், பாலத்தின் சுமைக் கணக்கிலும் பின்னர் தேவைப்படப்போவது அந்த நிதானமே.

அதைப் பழக்கச் செலவு அதிகமில்லை. செய்முறை அறிக்கையின் முடிவுரைக்குக் கீழே மூன்று வரிகள் கேட்டால் போதும்: வித்தியாசம் எவ்வளவு, எந்தப் பக்கம், அதைச் சரிபார்க்க அடுத்து எதை மாற்றிப் பார்ப்பீர்கள். விடை 0.600 என்று வந்தவருக்கும் அந்த மூன்று வரிகளுக்குத்தான் புள்ளி.